அவில்தார் வெட்டிய உள்ளான் குளம்

மம்சாபுரத்தில் ஏசுவடியானை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர் எல்லாருக்கும் அவில்தார்தான். ஜெர்மன் சண்டையில் பஸ்ரா வரைக்கும் போய்வந்த மனிதர். பட்டாளத்தை விட்டு வந்த அன்றே, "துரைமாருக்குச் சலாம் அடிச்சு அடிச்சுக் கை காய்ச்சுப் போச்சு. இனிமே எவனுக்கும் இந்தக் கை ஏறாது" என்று சபதம் போட்டார். ஏறவும் இல்லை. போலீசு இன்ஸ்பெக்டர் குதிரையில் வந்தபோதுகூட இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றார். அப்படியொரு வீம்பு!

அந்த வீம்புக்காரருக்கு உள்ளான் குருவி என்றால் உயிர். பஸ்ராச் சதுப்பில் காய்ச்சலாகக் கிடந்தபோது, கூடாரத்துக்கு வெளியே சேற்றில் உள்ளான்கள் மேய்வதைப் பார்த்தாராம். சின்ன வயதில் ஊர்க் கண்மாயில் பார்த்த அதே குருவி. 'ஐப்பசி பிறந்தா இது எங்க ஊருக்குப் போயிரும். நான் போவேனோ மாட்டேனோ' என்று அழுதாராம். ஊருக்கு வந்து பார்த்தால், கண்மாயின் தண்ணீர் ஓரத்தை ஆளாளுக்கு உழுது போட்டிருந்தார்கள். உள்ளான் கால் வைக்க இடமில்லை. வந்த குருவிகள் சுற்றிச் சுற்றிப் பறந்துவிட்டு எங்கேயோ போயின. அவருக்கு அது பொறுக்கவில்லை.

முப்பத்து நாலாம் வருஷம், மனைவி செல்லக்கனிக்கு அவள் தகப்பனார் சீதனமாகக் கொடுத்த வயலில் குருவிகளுக்காக ஒரு குளம் வெட்டப்போவதாகச் சொன்னார். செல்லக்கனி தலையில் அடித்துக்கொண்டாள்.

"நெல்லு வெளையுத மண்ணுல குருவிக்குக் குளமா? சரி, வெட்டுங்க. கிறிஸ்துமஸுக்குள்ள உங்க குருவி வந்து எறங்கணும். இல்லேன்னா குழிய மூடி உளுந்து போட்டுருவேன். பொறவு ஒரு பேச்சுப் பேசப்படாது."

"வரும்ட்டி, வரும்."

வெட்டினார். பட்டாளத்தில் பதுங்குகுழி வெட்டிப் பழகின கை அல்லவா? கயிறு பிடித்து, நாலு பக்கமும் செங்குத்தாகச் சீவி, ஆள் ஆழத்துக்கு வெட்டினார். கரையில் ஒரு புல் கோணலாக நின்றாலும் பிடுங்கி எறிந்தார். மழை பெய்து குளம் நிரம்பியதும் மார்தட்டிக்கொண்டார். உள்ளானுக்கோ விரல் நீளக் கால். சேற்றில் நடந்து புழு பொறுக்குகிற ஜீவன். ஆள் முழுகும் தண்ணீரில் அது என்ன, நீச்சலா அடிக்கும்? மனிதருக்கு அது மட்டும் உறைக்கவே இல்லை.

ஐப்பசி போயிற்று, கார்த்திகையும் போயிற்று. குளத்தைத் தேடி வந்தவை பக்கத்து வயல்காரி பிச்சையம்மாளின் எருமைகள்தான். அவை கரையில் கால் வைத்தாலே அவில்தார் கம்போடு பாய்வார்.

"ஏ பிச்சையம்மா! ஒன் எருமையப் பிடிச்சுக் கட்டுதியா, மாட்டுப் பவுண்டுல அடைக்கட்டா?"

"அடையுமேன்! உம்ம குளத்துல எருமையாச்சும் எறங்குதேன்னு சந்தோசப்படுவீரா!"

கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

கிறிஸ்துமஸ் நெருங்கியபோது, சோழபுரத்தில் தங்கை பேரனுக்கு ஞானஸ்நானம் என்று போனவர், விருந்து ருசியில் சில நாள் தங்கிவிட்டார். காவல் இல்லாத குளம் எருமைகளுக்குக் கொண்டாட்டமாகப் போயிற்று. பண்டிகைக்கு முந்தின நாள் காலையில் அவர் திரும்பி வந்தபோது, செல்லக்கனி மண்வெட்டி ஆட்களோடு வயலில் இறங்கிக்கொண்டிருந்தாள். குளத்தின் கிழக்குக் கரையைக் காணோம். எருமைகள் மிதித்து மிதித்து அது தண்ணீருக்குள் சறுக்காகச் சரிந்து, கணுக்கால் சேறாகக் கிடந்தது.

"அடப்பாவி எருமைகளா!" என்று கம்பை ஓங்கிக்கொண்டு ஓடினார். பாதி வழியிலேயே நின்றுவிட்டார். எருமைகளுக்குப் பின்னால், குளம்புத் தடங்களில் தேங்கின தண்ணீரில், உள்ளான்கள் குத்திக் குத்தி மேய்ந்துகொண்டிருந்தன.

அவர் போட்ட சத்தத்தில் பிச்சையம்மாள் ஓடிவந்தாள். "கத்தாதீரும், ஓட்டிட்டுப் போயிருதேன். இனிமே உம்ம குளத்துப் பக்கம் தலைவச்சுப் படுக்காதுக."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எருமை போனால் சேறு காய்ந்து புல் மண்டிவிடும், உள்ளானும் போய்விடும்.

"வேண்டாம் தாயி. அதுக இங்கனயே கிடக்கட்டும்."

"ஓகோ! பவுண்டுல அடைப்பேன்னீரே? எனக்கு ஒண்ணும் வேண்டாம். இந்தா நிக்காளே எங்க பெரிய எருமை, இவளுக்கு ஒரு சலாம் போடும். விட்டுட்டுப் போறேன்."

மண்வெட்டி ஆட்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவில்தார் எருமையைப் பார்த்தார். உள்ளான்களைப் பார்த்தார். பிறகு கம்பைக் கீழே போட்டார். குதிகால் சேர்த்து, நெஞ்சு நிமிர்த்தி, இன்ஸ்பெக்டருக்கு ஏறாத கையை நெற்றி வரை உயர்த்தி, கிண்ணென்று ஒரு சலாம் அடித்தார். எருமை அசை போட்டபடி ஒரு காதை ஆட்டியது.

செல்லக்கனி மட்டும் சிரிக்கவில்லை. புருஷன் கண் கலங்கி நின்றதை அவள் பார்த்துவிட்டாள். விறுக்கென்று ஆட்கள் பக்கம் திரும்பினாள்.

"ஏலே, என்னலே இளிப்பு? ஒண்ணையும் மூட வேண்டாம். மத்த மூணு கரையையும் இதே மாதிரி சரிச்சு வெட்டுங்க. சத்தம் காட்டாம வெட்டுங்கலே, எங்க குருவி மேயுது!"