ஜூடித் வண்டிக்கு மட்டும் சத்தம் இல்லை

ருக்மிணியும் ஜூடித்தும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாதிரி சைக்கிள்தான் வாங்கினார்கள். விவேக் நகரில் அடுத்தடுத்த வீடு. ருக்மிணி கோலார் தங்கவயலிலிருந்து கல்யாணமாகி வந்தவள்; அல்சூரில் ஒரு பல் மருத்துவமனையில் ரிசப்ஷன் வேலை. ஜூடித் அதே பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

ஒரு வருஷத்தில் ருக்மிணியின் சைக்கிள் முனக ஆரம்பித்தது. மிதித்தால் கரகர, பிரேக் பிடித்தால் கீச். ஜூடித்தோ காலையில் சத்தமே இல்லாமல் அவளைத் தாண்டிப் போவாள். தாண்டும்போது, "வரேன் க்கா!" என்று கையாட்டுவாள். அந்தக் கையாட்டல்தான் ருக்மிணிக்கு ஆகவே ஆகாது.

கணவன் சேஷகிரி வேறு ஏற்றிவிட்டான். "அந்தப் பொண்ணு வரதே தெரியல. நீ தெருமுனையில வரும்போதே நான் டீக்கு அடுப்பு பத்த வெச்சுடறேன்."

"கடைக்காரன் நல்ல வண்டிய அவளுக்குக் குடுத்துட்டான். சிரிச்சு சிரிச்சுப் பேசினா இல்ல, அதான்."

ருக்மிணி அதை மனசார நம்பினாள். ஜூடித் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வண்டியை சர்வீஸுக்கு விடுவதையும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் பழைய துணியால் செயினைத் துடைத்து எண்ணெய் விடுவதையும் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். நல்ல வண்டிக்கு எதற்கு இவ்வளவு சீன் என்று நினைத்துக்கொள்வாள். தன் வண்டியை அவள் ஒருமுறைகூட சர்வீஸுக்கு விட்டதில்லை. ஓடுகிற வண்டிக்கு என்ன சர்வீஸ்?

ஆகஸ்ட் கடைசியில் ஜூடித் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குக் கிளம்பினாள். "மீனுக்குத் தீனி மட்டும் போட்டுடுங்க க்கா" என்று வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். சைக்கிள் சாவி உள்ளே ஆணியில் தொங்கியது.

மறுநாளே ருக்மிணி அந்த சைக்கிளை வெளியே எடுத்தாள். அல்சூர் மேட்டில் அது வெண்ணெயாக ஏறியது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, வயிறுதான் எரிந்தது. தினமும் இவளுக்கு இப்படித்தான் இருக்குமா?

அப்புறம் தினமும் அதில்தான் போனாள். சாயங்காலமானால் மழை பிடித்துக்கொள்ளும். சேறும் ஈரமுமாக வண்டியை அப்படியே கொண்டுவந்து நிறுத்துவாள். அவள் வண்டிதானே, வந்து துடைத்துக்கொள்ளட்டும்.

ஒரு நாள் பாதி வழியில் கரகரவென்று கேட்டது. இறங்கி, பெடலைக் கையால் சுற்றிப் பார்த்தாள். தன் வண்டியின் அதே குரல். மனசு குளிர்ந்துபோயிற்று. கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு நடந்த பிறகுதான் உறைத்தது: அப்படியானால் கடைக்காரன் தன்னை ஏமாற்றவில்லை. பதறிப்போய் அன்றைக்குத் தேங்காய் எண்ணெயைச் செயின் முழுக்க ஊற்றினாள். அதில் இன்னும் மண் ஒட்டியது.

ஊரிலிருந்து வந்த ஜூடித் செயினைத் தொட்டு விரலை முகர்ந்தாள். "யாராச்சும் எடுத்தாங்களா க்கா? தேங்கா எண்ண வாசன வருது."

"நான்தான். தெனமும் எடுத்தேன்."

ஜூடித் விரலைத் துணியில் துடைத்துக்கொண்டாள். "கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே" என்றாள்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. இந்தக் குணத்தையும் அவளுக்கே கொடுத்திருக்கிறானே கடவுள் என்று இருந்தது ருக்மிணிக்கு.

சனிக்கிழமை இருவரும் கோவிந்தப்பாவின் சைக்கிள் ரிப்பேர் கடைக்கு வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஜூடித் வண்டியைக் கழுவி, செயினுக்கு எண்ணெய் விட்டு உடனே கொடுத்துவிட்டார். ருக்மிணியின் வண்டிக்குச் செயின், பிரேக் கட்டை எல்லாமே மாற்ற வேண்டும், திங்கட்கிழமை வாருங்கள் என்று கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்.

"தெனம் ஓட்டறீங்க இல்ல? மூணு மாசத்துக்கு ஒரு சாரி, ஒரே ஒரு தடவ, கொண்டாங்கம்மா. மழையில நனஞ்சா அன்னிக்கே தொடச்சு எண்ண விடுங்க, சாக்கு, அவ்ளோ போதும்."

டிசம்பரில் ருக்மிணி யாரிடமும் சொல்லாமல், மூன்று மாதம் முடிய ஒரு வாரம் முன்னதாகவே வண்டியை சர்வீஸுக்கு விட்டு எடுத்துவந்தாள். வாசலில் நின்ற ஜூடித், பளபளக்கும் செயினைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ, முந்திட்டீங்களே க்கா! நான் மறந்தே போயிட்டேன்."

அன்றைக்கு முழுக்க, சந்தோஷத்தில், ருக்மிணிக்குப் பசியே எடுக்கவில்லை.