முன்னால போம்மா

ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில்தான் நானும் என் மனைவியும் வேலை செய்தோம். நான் கட்டிங், அவள் ஸ்டிச்சிங். அன்று காலை பத்தரை மணிக்கு அவளுடைய சூப்பர்வைசர் வந்து என் தோளைத் தொட்டார். மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள் என்றார். மயக்கம் என்றுதான் நினைத்தேன். காலையில் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டாள் என்று அவரிடம் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

வேலூர் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். அவளுக்கு வயது நாற்பத்தொன்று. ஒரு நோய் நொடி என்று படுத்தவள் இல்லை. டாக்டர் பேசிக்கொண்டிருந்தபோது என் உள்ளங்கையில் ஏதோ உறுத்தியது. வெட்டிக்கொண்டிருந்த தோல் துண்டை வழி முழுக்க இறுக்கிப் பிடித்தபடியே வந்திருக்கிறேன். இதை எங்கே வைப்பது என்று அவரிடம் கேட்டேன். அவர் வாங்கி மேஜைமேல் வைத்தார்.

மறுநாள் மதியம் அடக்கம். அவள் கிறிஸ்தவக் குடும்பம். நான் நெமிலி பக்கத்து விவசாயக் குடும்பம்; கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தவன். ஞாயிற்றுக்கிழமை அவளோடு சர்ச்சுக்குப் போவேன். உயிர்த்தெழுதலைப் பற்றிப் பிரசங்கம் நடக்கும்போது ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் ஊரில் சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போய்ட்டு வர்றேன்' என்று சொல்லக் கூடாது. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும்.

பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். ஒரே பெண்ணைப் பெற்ற என் மாமியார் குனிந்து ஒரு பிடி மண் போட்டார். "முன்னால போம்மா. நாங்க பின்னாலயே வர்றோம்" என்றார், பக்கத்தில் நிற்பவளிடம் பேசுவதுபோல.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகளைப் புதைக்கும்போது ஒரு தாய் பேசுகிற பேச்சா இது? கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. என் மனைவிக்குப் பக்கத்து மெஷினில் தைத்த முஸ்லிம் பெண் அழுத அழுகையில் பாதிகூட இவர் அழவில்லையே என்று மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். நானும் அழவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. மூன்று வாரம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அவளுடைய துணிமணிகளைக் கொடுக்க மாமியார் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. மகளின் பழைய புடவை ஒன்றை மடியில் போட்டு, அதில் முகத்தைப் புதைத்து, தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு அப்படிச் சொன்னீங்களே அத்தை. இப்போ அழுவுறீங்க?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. "கடைசி நாள்ல ஆண்டவர் அவள எழுப்புவாருன்னு நம்பறேன் மாப்ள. வலிக்கலன்னு சொன்னேனா? செத்துப்போன சிநேகிதன எழுப்பப் போறோம்னு தெரிஞ்சே இயேசு சாமி அவன் கல்லறையாண்ட நின்னு அழுதாரே."

நான் துணிப் பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அவள் போன பிறகு முதல்முறையாக அழுதேன். அத்தை என்னைத் தேற்றவில்லை. நான் பாட்டுக்கு அழட்டும் என்று விட்டுவிட்டார்.

அதிர்ச்சி இன்னும் முழுதாகப் போகவில்லை. சில நாள் அவளைத் திரும்பப் பார்ப்பேன் என்று நிச்சயமாக நம்புகிறேன். சில நாள் நம்ப முடிவதில்லை. அன்றெல்லாம் அத்தையின் நம்பிக்கைமேல் சாய்ந்துகொள்கிறேன். போன வாரம் இரண்டு பேரும் போய் கல்லறைப் பக்கத்தில் நந்தியாவட்டைச் செடி நட்டோம். மண் இறுகிப் போயிருந்தது. கடப்பாரையால் குத்தித்தான் குழி எடுக்க முடிந்தது.