சுமையில்லாமல் பார்த்த வேகம்

என் கணவர் கரும்புக்காரர். சந்தை கூடும் மாயெபூருக்கு எதிரே, விரிகுடாவின் மறுகரையில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. கரும்பு, வரிசைகளுக்கு நடுவே தக்காளி, மிளகாய். கரையைச் சுற்றி மாட்டுவண்டியில் போனால் சந்தைக்கு அரைநாள் ஆகும். கடல் வழியே பக்கம். அதனால் ஒரு மீன்காரரிடம் பழைய பிரோக் ஒன்றை வாங்கினார். எங்கள் தீவில் மீன்பிடிக்கப் போகும் ஒடுக்கமான மரப்படகு அது. அதில் எஞ்சின் வைக்கப்போகிறேன் என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நீச்சல் தெரியாத மனிதர் அவர்.

எஞ்சின் போர்லூயித் துறைமுகத்தில் பழையதாகக் கிடைத்தது. படகுக்கு அடியில் தண்ணீருக்குள் சுழலும் பித்தளை விசிறியை நாங்கள் எலிஸ் என்போம். எஞ்சினோடு வந்த எலிஸ் அவருக்குப் பிடிக்கவில்லை, சின்னதாம். வேறொரு படகிலிருந்து கழற்றிய பெரியதாக ஒன்றைத் தேடி வாங்கி, பழையதைக் கொடுத்துவிட்டு வந்தார். பெரிய மண்வெட்டி நிறைய மண் அள்ளும், பெரிய எலிஸ் நிறையத் தண்ணீர் தள்ளும், அவ்வளவுதான் அவர் கணக்கு. அந்த மண்வெட்டியைத் தூக்கக் கையில் பலம் வேண்டாமா என்று கேட்டேன். உனக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்றார். எனக்குத் தெரியாது, உண்மைதான். அவருக்கும் தெரியாது என்பதைத்தான் அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

என் கொழுந்தனார் சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். அவர் ஆலையிலிருந்து சின்னக் கருவி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். ஓடும் எஞ்சினின் தண்டு நுனியில் அதை அழுத்திப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தால், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று தெரிந்துவிடும். எஞ்சினில் அடித்திருந்த தகட்டில் எண்ணூறு என்று இருந்தது. எங்கள் எஞ்சின் ஐந்நூறைத் தாண்டவில்லை. முழுசாகத் திறந்துவிட்டால் கறுப்புப் புகை வந்தது, எஞ்சின் உடம்பு கொதித்தது, வேகம் மட்டும் கூடவில்லை. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றார் என் கணவர். பிறகு பிளக் சரியில்லை என்றார். பிறகு படகின் அடியில் பாசி என்று சொல்லி என்னையும் சேர்த்துத் தேய்க்க வைத்தார். எலிஸை மட்டும் அவர் வாய் குறை சொல்லவில்லை, அவர் தேடி வாங்கியது அல்லவா.

கடைசியில் கொழுந்தனார்தான், இவ்வளவு பெரியதைச் சுழற்ற இந்த எஞ்சினுக்குப் பலம் போதாது என்று அதைக் கழற்றி ஆலைப் பட்டறைக்குக் கொண்டுபோனார். விசிறி இலைகளின் நுனியை அறுத்து, சாய்வையும் சற்றுத் தட்டிக் குறைத்துக் கொண்டுவந்து மாட்டினார். எஞ்சின் மூச்சு விட்டது. இன்னும் ஒருமுறை அறுத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கருவி சரியாக எண்ணூறு காட்டியது. கரையில் நின்றிருந்த எனக்கே சத்தத்தில் வித்தியாசம் தெரிந்தது. அன்று என் கணவர் சாப்பிட்ட சோற்றை வைத்து இரண்டு பேருக்குப் பந்தி போட்டிருக்கலாம்.

ஆனால் அந்த எண்ணூறு வெறும் படகில் வந்த எண்ணூறு. அண்ணனும் தம்பியும் ஒல்லி. வேறு ஒரு கூடைகூட அதில் ஏறவில்லை. எங்கள் ஊரில் புது வண்டியானாலும் படகானாலும் பூசை போடாமல் சுமை ஏற்ற மாட்டார்கள். முதல் சுமை சாமிக்கு உரியது. யார் பேச்சையும் கேட்காத என் கணவர் பஞ்சாங்கத்தின் பேச்சை மட்டும் கேட்பார். கல் மூட்டையாவது ஏற்றிப் பார்க்கலாம் என்று கொழுந்தனார் சொன்னாராம். சாமிக்கு முன்னால் கல்லா என்று என் கணவர் தம்பியின் வாயை அடைத்துவிட்டார். தைப்பூசத்தன்று பூசை, அன்று மாயெபூர்க் கோவிலுக்குப் போகும் எங்கள் ஊர்ப் பெண்களின் பால்குடங்களே முதல் சுமை என்று முடிவாயிற்று.

அந்தப் பால்குடங்களில் ஒன்று என்னுடையது. அதற்கு முந்தைய மழைக்காலத்தில் என் மகளுக்கு மலேரியா வந்து, மூன்று முறை கண் செருகிவிட்டது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள், நான் முருகனிடம் வேண்டிக்கொண்டேன். பிள்ளை எழுந்தது. பத்து நாள் விரதம் இருந்து பால்குடம் எடுக்கிறேன் என்பது என் நேர்த்திக்கடன். கோவில் வரும்வரை பால் திரியக் கூடாது. திரிந்தால் விரதத்தில் ஏதோ குறை என்று அர்த்தம். சாமி ஏற்கவில்லை என்று அர்த்தம். எங்கள் தீவில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

விடியலில் பூசை போட்டு, முன்முனையில் எலுமிச்சம்பழம் நசுக்கி, பெண்கள் ஏறினோம். எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு கூட்டம். வாழையிலை கட்டிய சொம்புகளை முன்பக்கம் நிழலில் அடுக்கினோம். படகுக்காரர் மனைவி முந்திக்கொண்டு நல்ல இடம் பிடித்தால் நன்றாகவா இருக்கும்? கடைசியில் ஏறினேன். எஞ்சின் பெட்டியை ஒட்டித்தான் இடம் இருந்தது.

கரையை விட்டதுமே தெரிந்துவிட்டது. படகு தண்ணீரில் அழுந்தி நின்றது, எதிரே தென்கிழக்குக் காற்று. எஞ்சின் பழையபடி இரும ஆரம்பித்தது. என் கணவர் இன்னும் திறந்தார், புகைதான் வந்தது. கொழுந்தனார் கருவியை அழுத்திப் பார்த்து, அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினார். அவர் கடலைப் பார்த்துக்கொண்டார். பெட்டியின் பலகை என் முழங்காலைச் சுட்டது. சொம்பை மடியில் வைத்துப் புடவைத் தலைப்பால் போர்த்தினேன். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. பாதி வழியில், திரும்பிப் போகலாம் என்றுகூடச் சொல்லத் தோன்றியது. திரும்பினாலும் அதே தூரம்தான்.

நாங்கள் கோவிலுக்குள் நுழையும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பூசாரி ஒவ்வொரு சொம்பாக இலையை அவிழ்த்து அபிஷேகத்துக்கு ஊற்றினார். எல்லாம் வெள்ளையாக, வழுவழுவென்று விழுந்தது. என் சொம்பைச் சாய்த்தவர் கையை நிறுத்தினார். பால் கட்டி கட்டியாகத் திரிந்திருந்தது.

பக்கத்தில் நின்ற பெண் என்னிடமிருந்து ஒரு அடி நகர்ந்தாள், அவ்வளவுதான். பத்து நாளும் என்ன தின்றேன், எதைத் தொட்டேன் என்று எனக்குள்ளேயே தேட ஆரம்பித்துவிட்டேன். என் மகள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் நின்ற எல்லாப் பிள்ளைகளையும் போல அதுவும் சுட்டது. காய்ச்சல் திரும்பிவிட்டதோ என்று கழுத்தையும் தொட்டுப் பார்த்தேன்.

அப்போது என் கணவர் ஆண்கள் வரிசையை விட்டு முன்னால் வந்தார். கையெல்லாம் கரி.

"அவ விரதத்துல குறை இல்ல சாமி," என்றார், கோவில் முழுக்கக் கேட்கும்படி. "சுமை ஏத்திப் பாக்காம, வெறும் படகுக்கு எலிச வெட்ட வச்சவன் நான். எஞ்சினு கொதிச்சு அதுல பால் கெட்டுது. தப்பு என்னுது."

பூசாரி அவரையும் பார்த்தார், சொம்பையும் பார்த்தார். பிறகு அந்தப் பாலை அப்படியே முருகன் தலையில் ஊற்றினார்.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அந்த மனிதர் தன் தப்பு என்று சொன்னது அன்றுதான். அதையும் என்னிடம் சொல்லவில்லை. எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. என் பிள்ளையைத் தூக்கி அவர் கரிக்கையில் கொடுத்துவிட்டு, சாமி முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.