அப்பா யாரைக் கேட்டார்?

கருங்கல் பொடி மூக்கில் ஏறினால் தும்மல் வராது; ஒரு கரகரப்பு மட்டும் நாள் முழுக்கத் தொண்டையில் உட்கார்ந்திருக்கும். பீளமேட்டுப் பக்கம் அப்பா நடத்திய, கிரைண்டர் செய்யும் ‘செட்’டில், அந்தப் பொடிக்கும் கல் கொத்தும் சத்தத்துக்கும் நடுவில்தான் என் பள்ளி விடுமுறைகள் கழிந்தன. ஆறு பேர் வேலை செய்தார்கள். மற்ற கிரைண்டர்கள் ஒரு மணி நேரம் ஆட்டுகிற மாவை எங்களுடையது அரை மணியில் ஆட்டிவிடும் என்பதில் அப்பாவுக்கு அப்படியொரு பெருமை. கல் வேகமாகச் சுற்ற வேண்டுமென்று மோட்டார் பெல்ட் ஓடும் புல்லியின் அளவை அவரே மாற்றி வைத்திருந்தார்.

மாதத்தின் முதல் ஞாயிறு காலையில், கிரைண்டர் வாங்கியவர்களின் வீடுகளுக்கு ‘ரவுண்டு’ போவார். ஸ்கூட்டரின் பின்னால் நான். “வித்துப்போட்டுக் கையக் கழுவறவன் யாவாரி இல்ல கண்ணு, மாசாமாசம் போயி விசாரிச்சுத் தன்னத் திருத்திக்கோணும்” என்பார். அந்தப் பேச்சில் இன்றைக்கும் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் அவர் யாரைப் போய்க் கேட்டார் என்று நினைத்தால்தான் இப்போதும் வயிறு எரிகிறது. முன்னறையில் உட்கார்ந்து, ஒரு நாளும் ஒரு பிடி அரிசியைக்கூடக் களைந்திராத வீட்டுக்காரரிடம், “ஏனுங்க, கிரைண்டர் எப்படீங்க ஓடுது?” என்பார். “அதுக்கென்னுங்க, ஜம்முனு ஓடுதுங்க” என்பார் அவர். இத்தனை தூரம் தேடி வந்த மனிதரின் முகத்துக்கு நேரே குறை சொல்ல எங்கள் ஊரில் யாருக்கு நாக்கு எழும்? அப்பா டைரியில் ‘நன்று’ என்று எழுதிக்கொண்டு, காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்புவார்.

காரமடையில் ஒரு வீட்டில் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். அந்த வீட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மணி, உங்கப்பாகிட்டச் சொல்லு சாமி. மாவு சூடாயிப் போகுது. உளுந்து பொங்கவே மாட்டேங்குது. இட்லி கல்லாட்டம் வருது. நான் வெளிய வந்து சொன்னா இவரு வைவாரு” என்றார். கிரைண்டரின் மேல் சாக்கு போர்த்தி, அதன்மேல் வெங்காயத்தைக் காயவைத்திருந்தார்கள். ஸ்கூட்டரில் ஏறியதும் அப்பாவிடம் சொன்னேன். “ஊட்டுக்காரரே நல்லாருக்குதுங்கறாரு, நீ என்னத்தக் கண்டே?” என்று வண்டியை முறுக்கினார்.

அம்மா சொல்லாமலா இருந்தார்? கல்யாண வீடுகளில் பெண்கள் அவரிடம் புலம்பியதையெல்லாம் ஒன்றுவிடாமல் வந்து சொன்னார். நம் வீட்டுக் கிரைண்டரிலும் அதே கதைதான், கல் கொஞ்சம் மெதுவாகச் சுற்றட்டும் என்று எத்தனையோ தடவை மன்றாடினார். “எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே” என்பதுதான் அப்பாவின் ஒரே பதில். ஆர்டர் குறைந்தபோது ஊர்க்கண்ணு என்றார். இன்னும் குறைந்தபோது ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். ரவுண்டை மட்டும் விடவில்லை. கடைசியில் செட்டை மூடினோம். எங்களிடம் இருபது வருடம் கல் கொத்திய தொழிலாளி ஒருவர் மதுக்கரை சிமெண்ட் ஆலைக்கு மூட்டை தூக்கப் போனார். மூடிய அன்றைக்கும் அப்பாவின் டைரியில் எல்லாப் பக்கமும் ‘நன்று’.

செட் இருந்த இடத்தில் இப்போது கார் கழுவுகிறார்கள். கல் கொத்தும் சத்தம் அந்தத் தெருவிலேயே இல்லை. அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. போன மாதம், புதிதாகத் தொழில் தொடங்கும் உறவுக்காரப் பையன் ஒருவன் வந்தபோது, மாதம் தவறாமல் விசாரிக்க வேண்டும் என்று அப்பா ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. “அம்மாவ ஒரு நாளாச்சும் கேட்டீங்களாப்பா?” என்று கத்தியேவிட்டேன்.

அப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார். “ஏனம்மணி, நம்ம கிரைண்டர்ல என்ன கோளாறு?” அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சூட்டிலிருந்து புல்லி வரை நிதானமாக எல்லாவற்றையும் சொன்னார். அப்பா முழுவதும் கேட்டார். பிறகு, நிஜமான வருத்தத்தோடு, “அன்னைக்கே இதச் சொல்லியிருக்கலாமில்ல?” என்றார்.

வந்த பையன் அம்மாவைப் பார்த்தான்.

“சொல்ல மறந்திருப்பனுங்க” என்றார் அம்மா.