அப்பாவின் சின்னம்

என் அப்பா நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கூலி வேலை செய்தவர். கட்சியில் கிளைச் செயலாளர். வேலை முடிந்து கரை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினால், சாவு வீடு, ஆஸ்பத்திரி, ஒன்றிய ஆபீஸ் என்று அலைந்துவிட்டுத்தான் வருவார். தேர்தல் சமயத்தில் எஸ்டேட் கூலிகள் குடியிருக்கும் லைன் வீடுகளின் ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒன்றையே சொல்லுவார்: "ஆளைப் பாக்காதீங்க. யாரு நின்னாலும் நம்ம சின்னத்துல குத்துங்க."

ஒருமுறை அவருக்கே சீட்டு கிடைத்தது. ஒன்றியக் கவுன்சிலராக ஜெயித்தார். எங்கள் லைனுக்குக் குடிதண்ணீர்க் குழாய் வந்தது அப்போதுதான். முதல் தண்ணீர் கொட்டியபோது அம்மா குடத்தை வைக்க மறந்து, கையை நனைத்துக்கொண்டே நின்றாள்.

அடுத்த தேர்தலில் அந்தச் சீட்டு, புதிதாகக் கட்சியில் சேர்ந்த ஒரு ரிசார்ட் முதலாளிக்குப் போனது. அப்பா சேலம் போய்க் கேட்டார். "அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தவர் சாப்பிடவில்லை. மறுநாள் என்னிடம், "நான் சுயேச்சையா நிக்கறேன் கண்ணு" என்றார். அம்மா வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை. கட்சி அவரை நீக்கியது. பூட்டு சாவிச் சின்னம் கிடைத்தது. அதை அச்சடித்த நோட்டீஸை எடுத்துக்கொண்டு அப்பா, அம்மா, தம்பி, நான் என்று நால்வரும் வீடு வீடாகப் போனோம். எல்லோரும் நல்லபடியாகத்தான் பேசினார்கள்.

ஓட்டுப்பதிவு அன்று சாயங்காலம், அம்மாவோடு காப்பிப்பழம் பறிக்கும் பக்கத்து வீட்டு அத்தை ஓடி வந்தாள்.

"ஏனுங்ணா, காலையிலயே போயி உங்க சின்னத்துல குத்திட்டு வந்துட்டேனுங்க. எங்க ஊட்டுல எல்லாருமே!"

"பூட்டு சாவிதானுங்களே அத்தே?" என்றேன் நான்.

அத்தை விழித்தாள். "அதென்ன கண்ணு? அண்ணன் எப்பவும் சொல்ற சின்னந்தான்."

எனக்கு வாய்வரைக்கும் வந்துவிட்டது. அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அத்தையிடம், "நொம்ப சந்தோசமுங்க அம்மணி" என்றார். அவள் சிரித்துக்கொண்டே போனாள். எண்ணும் முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது.

தோற்றார். யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. கரை வேட்டியை விட்டு லுங்கிக்கு மாறினார். குழாய் பழுதானால் மட்டும் யாரும் கூப்பிடாமலே போய் நிற்பார். அதற்குப் பிறகு சட்டசபைத் தேர்தல் வந்தது. ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவரிடம் அம்மா, "எந்தச் சின்னத்துக்குப் போட்டீங்க?" என்று கேட்டாள். "பழகின கை வேற எங்க போகும்?" என்றார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

போன மழைக்காலத்தில், ஏற்காட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். சேலம் போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது.

மாலையோடும் கட்சிக் கொடியோடும் அந்த ரிசார்ட் முதலாளி ஆட்களோடு வந்தார். என் தம்பி வாசலை மறித்தான். "நீக்குனவங்களுக்கு இப்ப என்னங்க வேலை?" என்று கத்தினான். வந்தவர்கள் தயங்கி நின்றார்கள்.

அம்மா அப்பாவின் தலைமாட்டிலிருந்து எழவில்லை. "வழிய உடு சாமி," என்றாள். "அவங்களுக்காக இல்ல. உங்கப்பனுக்கு அது வேணும்."

கொடியைப் போர்த்தினார்கள். ஒரு பக்கம் சரிந்து தொங்கியது. அம்மா அதை இழுத்துச் சரிசெய்துவிட்டு, அப்பாவின் நெஞ்சின் மேல் கையை வைத்தபடி அப்படியே இருந்தாள்.