பூநகரி வெட்டையில் ஒரு செவ்வாய்க் கிரகம்

சண்டை நின்று பாதை திறந்ததும் வன்னிக்கு எல்லாம் வந்தது. சீமெந்து வந்தது, சோடா வந்தது, வெளிநாட்டில் இருந்த சனம் வந்தது. 2004 ஆவணி விடுமுறையில் செவ்வாய்க் கிரகமும் வந்து சேர்ந்தது.

அதைக் கொண்டுவந்தவர் கனடாவில் பொறியியலாளர். அமெரிக்கப் பாலைவனம் ஒன்றில், செவ்வாயில் இருப்பதுபோல அடைபட்டு வாழ்ந்து பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் இரண்டு கிழமை இருந்தவராம். உணவும் தண்ணீரும் மின்சாரமும் குறைந்த இடத்தில், வெளியுலகத் தொடர்பு இல்லாமல் மனிதர் எப்படித் தாக்குப்பிடிப்பார்கள் என்று எங்கள் பிள்ளைகளுக்கும் காட்ட அவருக்கு ஆசை. அதற்கு அவர் வன்னியைத் தேர்ந்தெடுத்ததில் நியாயம் இருந்தது. சில வருடங்கள் பிந்திவிட்டார், அவ்வளவுதான்.

குழுவில் நாங்கள் நான்கு பேர். நான் தர்மபுரத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். விடுமுறையில் சும்மாதானே இருக்கிறீர்கள் என்று சொல்லி அதிபர் என்னை விண்வெளிக்கு அனுப்பினார். என்னைவிட மூத்த நேர்ஸ் அக்கா ஒருவர் மருத்துவத்துக்கு. சூரிய மின்தகடுகளையும் பற்றரிகளையும் பார்ப்பதற்கு முல்லைத்தீவு முஸ்லிம் நானா ஒருவர். புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். கனடாக்காரர் தன்னைக் ‘கொமாண்டர்’ என்று அழைக்கச் சொன்னார். எங்கள் பக்கத்தில் ஏற்கெனவே அந்தப் பதவிக்குப் பஞ்சமில்லை என்பதால் அக்கா அவரைத் ‘தம்பி’ என்றே கூப்பிட்டார்.

பூநகரிக்கு அப்பால், கடலேரிப் பக்கமாக, கைவிட்ட நெல் களஞ்சியம் ஒன்றுதான் எங்கள் வீடு. செவ்வாய் கடுங்குளிர் என்று நான் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன். அந்தத் தகரக் கூரைக்கு யாரும் படிப்பிக்கவில்லை. வாசலில் தறப்பாளால் ஒரு சிறு அறை கட்டியிருந்தோம். வெளியே போவதென்றால் வெள்ளை மேலங்கியும் மோட்டார் சைக்கிள் ஹெல்மெற்றும் போட்டு, அந்த அறைக்குள் ஐந்து நிமிடம் நிற்கவேண்டும். காற்றழுத்தம் சரியாகுமாம். தறப்பாளின் ஓட்டையால் சோளகக் காற்றும் மணலும் தாராளமாக வந்துபோயின.

முதல் நாள் காலை கொமாண்டர் எங்களை இருத்தி விளங்கப்படுத்தினார்.

“ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு வாளி தண்ணிதான். முதல்ல கஷ்டமாத்தான் இருக்கும்.”

அக்கா நிமிர்ந்து பார்த்தார். “முழு வாளியோ தம்பி?”

“ஓம், முழு வாளி.”

“அப்ப தலையும் முழுகலாம்,” என்றார் அக்கா.

பிறகு கொமாண்டர் சவர்க்காரத்தை எப்படிச் சிக்கனமாகப் பாவிப்பது என்று செய்து காட்டினார். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு சவர்க்காரத்தை நூலால் நாலாக அறுத்துப் பாவித்த நாங்கள் மூவரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். பூமியோடு கதைக்க வோக்கி ரோக்கி வேண்டும் என்று கேட்டிருந்தார். எங்கள் பக்கத்தில் அதை நினைத்தவர் எல்லாம் வைத்திருக்க முடியாது, வன்னியை ஆண்ட இயக்கம் அனுமதி தரவில்லை. அதனால் பூநகரியில் வந்து தங்கியிருந்த அதிபர்தான் பூமி, செய்தி சைக்கிளில் வரும். செவ்வாய்க்கு வானொலி அலை போக இருபது நிமிடம் எடுக்கலாமாம். பூநகரியில் சைக்கிள் ரியூப்பின் ஓட்டையை ஒட்ட அரை நாள் எடுத்தது.

அடுத்த நாள் மண் மாதிரி எடுக்க நானும் கொமாண்டரும் வெளியே போனோம். மேற்கே பெரிய வெட்டை. அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

“ரீச்சர், அங்கால போவம். ஒரு மரமும் இல்லாமல் நல்ல வெட்டையாக் கிடக்கு.”

“அங்க போகேலாது. மிதிவெடி இருக்கு. அதாலதான் வெட்டையாக் கிடக்கு.”

மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகளை அவருக்குக் காட்டினேன். ஹெல்மெற்றுக்குள் முகம் தெரியவில்லை. திரும்பி வரும்போது என் காலடிகளிலேயே கால் வைத்து வந்தார்.

சாப்பாடுதான் அவரை விழுத்தியது. கனடாவிலிருந்து கொண்டுவந்த உலர் உணவுப் பொதிகளைச் சுடுநீரில் கரைத்து மூன்று வேளையும் சாப்பிட்டோம். எல்லாப் பொதியும் ஒரே ருசி. நனைந்த காட்போட்டில் உப்புப் போட்டதுபோல. நிவாரண மா சாப்பிட்டவர்களுக்கு அது பெரிய சோதனையல்ல. கொமாண்டருக்கோ நாலாம் நாள் முகம் வாடிவிட்டது. கதைப்பதையும் குறைத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் முற்பகல் தனியாக மாதிரி எடுக்கப் போவதாகச் சொல்லி வெளிக்கிட்டவர், மத்தியானம் தாண்டியும் வரவில்லை.

முதலில் நாங்கள் சிரித்தோம். பிறகு நானா வாசலில் நின்று மேற்கே பார்த்தார். “ரீச்சர், அந்த மனுசன் பலகைப் பக்கம் போயிருக்குமோ?” என்றார்.

அக்கா மருந்துப் பையை எடுத்த வேகத்தைப் பார்த்ததும் நானும் எழும்பினேன். மேலங்கியும் இல்லை, ஐந்து நிமிடமும் இல்லை. இருவரும் வெறுந்தலையோடு ஓடினோம். வந்தாலும் வருவார் என்று நானா வாசலில் நின்றார். மணலில் கொமாண்டருடைய சப்பாத்து அடையாளம் மேற்கேதான் போயிருந்தது. ஒவ்வொரு அடியாகப் பார்த்துக்கொண்டு போனோம். பலகைகளுக்குக் கொஞ்சம் முன்னால் அடையாளம் வடக்கே திரும்பி, கடலேரிக் கரையில் இருந்த ஓலைக் குடிசை ஒன்றின் குசினிக்குள் போய் முடிந்தது.

கொமாண்டர் குசினி மணையில் இருந்தார். பக்கத்தில் ஹெல்மெற். முன்னால் புட்டும் ஒட்டி மீன் குழம்பும். மேலங்கியின் நெஞ்சில் குழம்பு வடிந்திருந்தது.

வீட்டுக்காரப் பெண் எங்களைக் கண்டதும் எழுந்து வந்தார். “இது உங்கட ஆளோ? தலையில சட்டியைக் கவிட்டுக்கொண்டு வெயிலுக்க நிண்டுது. சுகமில்லாத பிள்ளையாக்கும் எண்டு நான்தான் கூட்டிவந்து இருத்தினனான்.”

“மாதிரி எடுக்கிறன்,” என்றார் கொமாண்டர், வாய் நிறையப் புட்டோடு.

அக்காவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. “செத்துப்போனீர் எண்டு நினைச்சம்! சாப்பிடப் போறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனால் என்ன?”

கொமாண்டர் கையை உதறிவிட்டுத் தலை குனிந்தார். “சொன்னால் சிரிப்பியள் எண்டு...” என்றார். வீட்டுக்காரி எங்களுக்கும் சாப்பாட்டுக் கோப்பை வைத்தார். கோபத்தோடு இருந்த அக்கா இரண்டு முறை குழம்பு கேட்டு வாங்கினார். நானாவின் பங்கை வாழையிலையில் கட்டிக்கொண்டு திரும்பினோம்.

அதன் பிறகு மத்தியானச் சாப்பாடு அந்தக் குசினியிலிருந்துதான் வந்தது. கொமாண்டர் அதற்கு ‘வெளி உணவு ஆதாரம்’ என்று பெயர் வைத்தார். எங்களோடு சீட்டு விளையாடினார், தோற்றார், அக்கா ‘தம்பி’ என்றால் ‘ஓம்’ என்றார்.

கடைசி நாள் மாணவர்களும் பெற்றோரும் பஸ்ஸில் வந்தார்கள். கொமாண்டர் வெள்ளை உடையோடு நின்று, செவ்வாய்க்குப் போகப் பல மாதங்கள் எடுக்கும், முதலில் போகிறவர்கள் திரும்பி வருவதும் நிச்சயமில்லை என்று விளங்கப்படுத்தினார். கேள்வி இருந்தால் கேட்கச் சொன்னார். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் நின்ற தகப்பன் ஒருவர் கையை உயர்த்தினார்.

“அங்க போறதுக்கும் பாஸ் எடுக்கவேணுமோ?”

வன்னியை விட்டு வெளியே போக யாரிடம் பாஸ் எடுக்கவேண்டும் என்பது கொமாண்டரைத் தவிர அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். கூட்டம் வெடித்துச் சிரித்தது. அடுத்த கணமே சிரிப்பு நின்று, பக்கத்தில் நிற்பது யார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டார்கள். கொமாண்டர் என்னிடம் குனிந்து, “என்ன ரீச்சர் கேட்டவர்?” என்றார்.

“தூரத்தைத்தான் கேட்கிறார், ஐயா,” என்றேன்.