நீலப் பொத்தான்

அந்தப் பொத்தானைத் தைத்தது நான். அதனால்தான், துக்கத்தில் கண்ட கனவு என்று யார் சொன்னாலும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இது நடந்தது. கொலம்பியா நகரத்தில், மெயின் தெருவில், வெளிச்சம் இருக்கும்போதே நடந்தது. கூட இருந்து பார்த்தவர் இன்னொருவரும் உண்டு.

என் கணவர் ஐஷம் மேபின், தென் கரோலினா சட்டசபை உறுப்பினர். உள்நாட்டுப் போருக்கு முன்னால் அவர் ஒரு வெள்ளைக்காரப் பண்ணைக்காரரின் அடிமை. விடுதலைக்குப் பிறகு, அவரை ஏலம் விட்ட அதே ஊரிலிருந்து மக்கள் ஓட்டுப் போட்டு அவரைத் தலைநகருக்கு அனுப்பினார்கள். 1870 அக்டோபரில் இரண்டாம் முறையும் ஜெயித்தார். நான் எங்கள் இனத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது ஏழு மாதக் கர்ப்பம்.

அந்த முறை உறுப்பினர்கள் எல்லோருடைய முகங்களையும் ஒரே பெரிய அட்டையில் ஒட்டிச் சுவரில் மாட்டுவதென்று முடிவானது. ஆளுக்கு ஒரு சிறு வட்டம். வியாழக்கிழமை வெளிச்சம் போவதற்குள் வந்து உட்காராதவருக்கு வெறும் வட்டம்தான். அடியில் பெயர் மட்டும் இருக்கும்.

ஐஷமின் முகம் அதுவரை எந்தப் படத்திலும் விழுந்ததில்லை. காமிராவுக்கு முன்னால் பத்து எண்ணும்வரை ஆடாமல் உட்கார வேண்டும். தலை அசையாமலிருக்கப் பின்கழுத்தில் ஓர் இரும்புக் கவ்வி வைப்பார்கள். கழுத்தில் இரும்பு பட்டால் அவர் துள்ளி எழுந்துவிடுவார். ஏன் என்று நான் கேட்டதில்லை. அந்தக் கழுத்தைச் சுற்றியிருந்த தழும்பைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கல்யாணப் படத்தில் நான் நிற்கிறேன். என் பக்கத்தில் புகை மாதிரி ஏதோ நிற்கிறது.

படம் எடுப்பவர் காட்ஃபிரி எங்கள் திருச்சபைக்காரர். அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லோர் எதிரிலும் கேலி செய்தார்.

“பிரதர் மேபின், நீங்க செத்தாத்தான் என் காமிராவுல ஒழுங்கா விழுவீங்க போல.”

“செத்தவனுக்கு ஓட்டு கிடையாதே பிரதர். படமாவது கிடைக்கட்டும்” என்றார் ஐஷம். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அன்று மதியமே அவர் குதிரையில் கிளம்பினார். மேட்டுப்பக்கக் கிராமங்களில், ஓட்டுப் போட்ட எங்கள் ஆட்களை முகமூடி போட்ட வெள்ளைக்காரர்கள் வீடு புகுந்து அடிப்பதாகச் செய்தி வந்திருந்தது.

“போகாதீங்க” என்றேன்.

“போகலைன்னா எதுக்கு என்னை அனுப்பினாங்க? வியாழன் மூணு மணிக்கு நேரா காட்ஃபிரி கடைக்கு வந்துடுவேன். நல்ல காலரை எடுத்துட்டு வா, கெசி. இந்தத் தடவை ஆட மாட்டேன். நம்ம புள்ளை நாளைக்குக் கேட்டா, அப்பன் மூஞ்சின்னு எதைக் காட்டுவே? புகையையா?”

வியாழன். மூன்று மணிக்கு முன்பே போய் உட்கார்ந்தேன். கடை மாடியில் இருந்தது. வெளிச்சத்துக்காகக் கண்ணாடிக் கூரை போட்டிருந்தார்கள். கீழேயிருந்து வரும் மரப்படிகளில் மூன்றாவது படி, யார் மிதித்தாலும் கிறீச்சென்று கத்தும்.

“பூனைக்குக்கூடக் கத்தும் சிஸ்டர். அதனாலதான் கடைக்கு மணியே வைக்கலை” என்றார் காட்ஃபிரி.

மூன்றரை ஆயிற்று. நான்கு ஆயிற்று. கூரைக் கண்ணாடி மஞ்சளாக மாறியது.

“இன்னும் கால் மணி நேரம்தான் சிஸ்டர். சூரியன் என் பேச்சைக் கேக்காது.”

“வந்துடுவார்.”

மடியிலிருந்த, சட்டையில் தனியாக மாட்டும் வெள்ளைக் காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ தோன்றித் தலையைத் தூக்கினேன்.

ஐஷம் கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

படி கத்தவில்லை. அதை அப்போது நான் யோசிக்கவில்லை. வந்துவிட்டார், அது போதும்.

“எவ்வளவு நேரம்!” என்றேன். அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். காட்ஃபிரி கண்ணாடித் தகட்டில் மருந்து பூச இருட்டறைக்குள் ஓடினார்.

சட்டைக்குக் காலரே இல்லை. கொண்டுவந்ததைக் கழுத்தில் சுற்றினேன். அதை மாட்டும் பொத்தானை வீட்டிலேயே மறந்து வந்திருந்தேன். வேறு வழியில்லை. என் சட்டைக் கையிலிருந்த நீலக் கண்ணாடிப் பொத்தானைப் பிய்த்தேன். பையில் ஊசியும் சிவப்பு நூலும் இருந்தன.

உடம்பில் போட்டிருக்கும் துணியைத் தைக்கக் கூடாது என்பார்கள் எங்களவர்கள். அவசரத்துக்குத் தைத்தால், போட்டிருப்பவர் வாயில் ஒரு துண்டு நூலைக் கடித்துக்கொள்ள வேண்டும். கடிக்காவிட்டால் அந்த வீட்டில் சாவு விழும். அதனால் நூலில் ஒரு துண்டு அறுத்து நீட்டினேன்.

“கடிச்சுக்கோங்க.”

“எனக்கு இனிமே எதுக்கு, கெசி?”

“விளையாடாதீங்க. வயித்துல புள்ளை இருக்கு.”

அவர் என் வயிற்றைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“சரி. குடு. அப்புறம் கடிச்சுக்கறேன்.”

நூலை வாங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

தைத்தேன். கழுத்து சில்லென்றிருந்தது. குளிர்காற்றில் நெடுந்தூரம் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவசரத்தில் ஊசி தோலில் ஏறிவிட்டது... ஆழமாகவே ஏறியது.

அவர் அசையவில்லை.

ஊசியை இழுத்தேன். ரத்தம் வரவில்லை.

இரட்டை முடிச்சுப் போட்டு நூலை அறுத்தேன். காட்ஃபிரி தகட்டோடு வந்து இரும்புக் கவ்வியை எடுத்தார்.

“வேண்டாம்” என்றார் ஐஷம். “ஆட மாட்டேன்.”

காட்ஃபிரி காமிராவின் மூடியைக் கழற்றினார். “ஒண்ணு... ரெண்டு...”

எப்போதும் துடித்துக்கொண்டேயிருக்கும் அவர் முழங்கால் அன்று சும்மா இருந்தது.

“நாலு... அஞ்சு...”

தெருவில் கேட்டுக்கொண்டிருந்த கோவேறு கழுதைகளின் மணி நின்றுவிட்டது.

“ஏழு...”

கண் இமைக்கவில்லை.

“எட்டு...” காட்ஃபிரியின் குரல் தேய்ந்தது. பத்தை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

தகட்டைக் கழுவி எடுத்துவந்து கறுப்புத் துணிமேல் வைத்தார். இருவரும் குனிந்து பார்த்தோம். ஒவ்வொரு இமைமுடியும் தெரிந்தது. பொத்தானின் பளபளப்பும், ஊசி ஏறிய புள்ளியும் தெரிந்தன.

“பாருங்க, உங்க மூஞ்சி” என்று திரும்பினேன்.

நாற்காலி காலியாக இருந்தது.

காட்ஃபிரி கையை மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டே இருந்தார். “இவ்வளவு தெளிவா எனக்கு விழுறது...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். அவர் சவங்களையும் படம் எடுப்பவர்.

கீழே இறங்கி ஓடினேன். மூன்றாவது படி என் காலடியில் கத்தியது. தெருவில் குதிரையும் இல்லை. ஆளும் இல்லை.

மறுநாள் காலை எங்கள் சபை மூப்பர் சைரஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

“சிஸ்டர்... பிரதர் மேபினைச் சுட்டுட்டாங்க. திங்கட்கிழமை சாயங்காலம். ஆத்தோரமா.”

“நேத்து அவரோட பேசினேன்” என்றேன்.

அவர் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்.

ஆற்றங்கரையில் குத்தகைக்கு உழுத ஜூனோ என்ற பெண்ணும் அவள் கணவனும் செவ்வாய் விடிவதற்குள் அவரைப் புதைத்துவிட்டிருந்தார்கள். யாரும் பார்த்துவிட்டால் அவர்கள் உயிருக்கே ஆபத்து. வெளியே சொல்லவும் பயந்திருக்கிறார்கள். அடுத்த வாரம், எங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்தில் வைக்க வேண்டுமென்று தோண்டப் போனோம். வராதே என்றார்கள். கேட்கவில்லை.

உடலை ஒட்டுப்போர்வையில் சுற்றித் தலை முதல் கால்வரை தைத்திருந்தார்கள்.

“நான்தாம்மா தச்சேன்” என்றாள் ஜூனோ. “சட்டையைத் தவிர வேற ஒண்ணுமில்ல. கழுத்து வெறுங்கழுத்து. துடைச்சுவிட்டேன், அதான் தெரியும்.”

தையலை விரலால் தடவிப் பார்த்தேன். ஓரிடத்தில்கூடப் பிரியவில்லை.

கத்தரித்தேன்.

வெள்ளைக் காலர்.

நீலப் பொத்தான்... சிவப்பு நூல்... என் இரட்டை முடிச்சு.

ஜூனோ பின்னால் நகர்ந்தாள். சைரஸ் ஜெபத்தைப் பாதியில் நிறுத்தினார்.

நான் குனிந்து முகத்தைப் பார்த்தேன்.

பற்களுக்கு நடுவே, இறுகக் கடித்தபடி... ஒரு துண்டுச் சிவப்பு நூல்.